நாப்பத்தொன்பதாம் வருஷத்துப் பிர்னோ

பாஸ்போர்ட் விசாரணைக்கா வந்திருக்கீங்க? அப்ப நல்லாச் சாஞ்சு உக்காருங்க சார். ரைட்டர் இன்னைக்கு எங்க ஆளுங்களை அனுப்பிட்டுத்தான் உங்க பக்கம் திரும்புவார். எங்க ஆளுங்கன்னா துப்பாக்கி லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க. தேர்தல் தேதி அறிவிச்சதும் மலையில இருக்கிற அத்தனை துப்பாக்கியையும் கொண்டாந்து ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும். ஓட்டு எண்ணி முடிச்சு ஒரு வாரம் கழிச்சு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கணும். அதுக்குத்தான் வந்திருக்கேன். பேரு தவசிப்பாண்டி. மேல பத்து ஏக்கர் காப்பி, ஊடால மிளகு, கொஞ்சம் ஆரஞ்சு.

சட்டையா? இது சும்மா கைக்கு வந்ததை எடுத்துப் போட்டதுதான் சார். இஸ்திரி போட்டது போன வாரமே.

வேட்டையா? நல்லாக் கேட்டீங்க போங்க. எழுபத்திரெண்டுல சட்டம் வந்ததோட அந்தக் கதையெல்லாம் முடிஞ்சுது. என் லைசென்ஸ்ல பயிர்ப் பாதுகாப்புன்னு போட்டிருக்கும். பன்னி வந்தா தகர டப்பாவைத் தட்டுறோம், அவ்வளவுதான். என் துப்பாக்கி எங்கிட்ட வந்து நாப்பது வருஷமாச்சு, மொத்தம் ஒம்பது தடவ வெடிச்சிருக்கு. ஒம்பதும் வானத்தைப் பாத்து. அப்புறம் எதுக்கு வச்சிருக்கேன்னு என் சம்சாரம் பேச்சியம்மாவும் கேக்கத்தான் செய்யிறா. "கட்டுனவ முதுகுக்கு ஒரு நாளாச்சும் தைலம் தேச்சிருப்பியாய்யா? அந்த இரும்புக்கு வாரம் தவறாமத் தேய்க்கிறே"ங்கிறா. அவளுக்கு என்ன தெரியும்.

தேர்தல்தான் சார் எங்களுக்குத் திருவிழா. கல்யாண வீட்டுல பொம்பளைங்க அடுத்தவங்க கழுத்தைப் பாக்குற மாதிரி, ஒப்படைக்கிற அன்னைக்கு இந்த வராண்டாவுல ஒருத்தன் துப்பாக்கியை ஒருத்தன் பாப்போம். முக்கால்வாசிப் பேரு வச்சிருக்கிறது சாதா நாட்டுக்குழல். ரைபிள்னு சொல்லிக்கிற மாதிரி இந்த மலையில ரெண்டே ரெண்டு. ரெண்டும் செக் நாட்டுது. ரெண்டுலயும் பிர்னோன்னுதான் எழுதியிருக்கும். ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு ரெங்கமன்னாரோடது.

என்னோடது ஜெட்.கே.கே. அறுநூறு. மாமனார் மெட்ராஸ்ல கடையில புதுசா வாங்கினது, அப்புறம் என் பேருக்கு மாத்தினோம். பின்பக்கம் ஒரு பட்டன் இருக்கு சார், அமுக்கினா சின்னதா ஒரு ஓட்டைக் கண்ணு டக்குனு எந்திரிச்சு நிக்கும். அது வழியாக் குறி பாக்கலாம். ரெங்கமன்னாரோடதுல அது கிடையாது. எழுதி வேணா தர்றேன், கிடையவே கிடையாது.

அவரோடதுல என்ன இருக்குன்னா கேக்குறீங்க? இருக்கு... என்னத்தச் சொல்ல. இருபத்திரெண்டு எஃப்னு மாடல். சாதாரணமா ரைபிள்ல பாதிக் குழாய்க்கு மரம் வரும், மீதி வெறும் இரும்பு. அதுல முகவாய் வரைக்கும், அதான் குண்டு வெளிய வர்ற முனை வரைக்கும், அக்ரூட் மரம் ஓடும். ஒத்தக் கட்டையில இழைச்சது. விசை, அதான் டிரிகர், ரெண்டு. பின் விசையை இழுத்து வச்சிட்டு முன் விசையை விரல் நுனியால தொட்டாப் போதும், முறுக்கே இருக்காது. குண்டு ஏத்த இழுக்கிற போல்ட் கைப்பிடி ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற கத்தி மாதிரித் தட்டையா, தொடையோட ஒட்டிப் படுத்துக்கும். அதைத் திறந்து மூடுறப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க. சத்தம்னுகூடச் சொல்ல முடியாது. பின்பக்க இரும்புல நாப்பத்தொன்பதுன்னு வருஷம் பொறிச்சிருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் துரை ஊருக்குப் போறப்ப அவங்க அப்பாவுக்குக் குடுத்துட்டுப் போனானாம். சம்பாதிச்சா வாங்கினாரு? சும்மா வந்தது.

ரெங்கமன்னார் என் பக்கத்துத் தோட்டம். என்னைவிட மூணு வயசு மூப்பு, அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். ஒரு காலத்துல ஆயுத பூசைன்னா ரெண்டு பேரும் அவர் காப்பிக் களத்துல சாக்கை விரிச்சு உக்காந்து ரெண்டு துப்பாக்கியையும் பிரிச்சுத் துடைப்போம். அவரோடதை என்கிட்டத் தந்துருவார். "எனக்குக் கை நடுங்குது, நீ துடை தவசி"ம்பார். நடுக்கமெல்லாம் ஒண்ணும் கிடையாது சார். எனக்கு ஆசைன்னு தெரிஞ்சு தர்றது. அப்படித் தர்றது இருக்கே, அது எனக்குப் புடிக்காது. ஆனா வாங்கித் துடைப்பேன்.

இதுல கேளுங்க, இந்த விவரமெல்லாம் அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். என் மச்சினன் மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல இருந்தவன். பட்டாளத்துல பிரென் கன்னுன்னு ஒண்ணு வச்சிருந்தாங்கல்ல, அதோட மூலமே பிர்னோ ஃபேக்டரி செஞ்ச மிஷின்கன்தான்னு அவன் சொல்லி எனக்குத் தெரியும். முதல் உலக யுத்தம் முடிஞ்சு ஆஸ்திரியா ராஜ்யம் உடைஞ்சு செக் நாடு பிறந்தப்பவே ஆரம்பிச்ச ஃபேக்டரி அது. ரெண்டாவது யுத்தத்துல ஜெர்மன்காரன் புடிச்சுக்கிட்டான். அவன் போனப்புறம் செக்காரன் வேட்டைத் துப்பாக்கியும் செஞ்சான், டிராக்டரும் செஞ்சான். ஆமா சார், டிராக்டர். நம்ம ஊர்ல எச்.எம்.டி. டிராக்டர் ஓடுதுல்ல, அது ஸெட்டார்ங்கிற செக் டிராக்டரோட கூட்டுல வந்தது. அந்த ஸெட்டார் முதல்ல பிறந்தது பிர்னோ ஃபேக்டரியிலதான். இதையெல்லாம் நான் தேடித் தேடிச் சேத்து வச்சு, களத்துல உக்காந்து அவருக்குச் சொன்னேன். மனுஷன் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தார்.

அப்புறம் என்ன செஞ்சார் தெரியுமா? ஒரு தேர்தல்ல டிஎஸ்பி இந்த ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். விவசாயக் குடும்பம், தன்மையான ஆளு. வராண்டாவுல எல்லாத் துப்பாக்கியும் வரிசையா இருக்கு. நாலு துப்பாக்கியைத் தாண்டி என்னோடதை எடுத்தார் சார். என்னோடதை! "அட, பிர்னோவா"ன்னார். நான் பட்டனை அமுக்கினேன், கண்ணு எந்திரிச்சுது, அவர் சிரிச்சார். எனக்குத் தலைகால் புரியல. அந்த நேரம் பாத்து ரெங்கமன்னார் சொல்றார், "சார், அதுல பிர்னோன்னு எழுதியிருக்கே தவிர செஞ்சது அங்க இல்ல. உஹெர்ஸ்கி பிரோட்னு வேற ஊர். பிர்னோவுல செஞ்சது இது"ன்னு தன்னோடதை எடுத்து நீட்டுறார். அதோட விட்டாரா? "அதுக்கு சேஃப்டிகூடத் தலைகீழா வச்சிருப்பான் சார், பின்னால இழுத்தாத்தான் சுடும்"ன்னார். டிஎஸ்பி என்னோடதைக் கீழ வச்சிட்டார். வச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு.

அப்புறம் அரை மணி நேரம் டிராக்டர் கதை, பிரென் கன் கதை, எல்லாம் நான் சொன்னது, அவர் வாயில வருது. டிஎஸ்பி ஆ...ன்னு கேக்குறார். நான் ஒரு ஓரமா நிக்கிறேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்க சார், உங்களுக்கா இருந்தா எப்படி இருக்கும்?

சரி, பொய்யா இருக்கும்னு மருமகன்கிட்டச் சொல்லி கம்ப்யூட்டர்ல தேடி எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். உண்மைதான் சார். முப்பத்தாறுல, ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்துல ஆயுதம் செஞ்சா ஆபத்துன்னு உள்நாட்டுப் பக்கமாத் தள்ளி அந்த ஊர்ல ஒரு ஃபேக்டரி கட்டியிருக்கான். அறுபதுகள்ல வேட்டைத் துப்பாக்கி வேலை அங்க போயிருச்சு. பேரு மட்டும் பழைய பேரு. ஆனா அதுலயே இன்னொண்ணும் இருந்துச்சு. என் துப்பாக்கியோட பேருல ரெண்டாவது எழுத்து வருதுல்ல, அது கோட்ஸ்கின்னு ஒரு குடும்பப் பேரு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, துப்பாக்கி டிசைன் பண்றவங்க. அவங்க பிர்னோ ஃபேக்டரியில இருந்தவங்க. அப்ப என்னோடதும் பிர்னோ ரத்தம்தானே? அந்தத் தாளை எடுத்துக்கிட்டு ரெங்கமன்னார் வீட்டுக்கே போனேன். படிச்சுப் பாத்துட்டு, "அட, ஆமா தவசி, நல்ல விஷயம்"ன்னு சொல்லி காப்பி குடுத்தார். அவ்வளவுதான். சண்டைக்கு வந்தாத்தானே நான் ஜெயிக்க முடியும்?

இதெல்லாம் பழைய கதை, விடுங்க. இப்ப விஷயம் என்னன்னா, போன பார்லிமெண்ட் தேர்தலுக்கு ஒப்படைச்ச துப்பாக்கி அவருக்கு இன்னும் திரும்பக் கிடைக்கல. அஞ்சு வருஷம் ஆச்சு. எவனோ மொட்டை பெட்டிசன் போட்டுட்டான், காட்டுப்பன்னியைச் சுட்டுக் கறி போட்டார்னு. பேரு இல்ல, ஊர் இல்ல. ஊருன்னா நாலு பகை இருக்கத்தானே செய்யும். ஃபாரஸ்ட்காரங்க வீட்டுக்கு வந்து குக்கரோட கறியைத் தூக்கிட்டுப் போனாங்க. அது ஆட்டுக்கறிதான்னு ரிப்போர்ட் வர எட்டு மாசம். அதுக்குள்ள லைசென்ஸ் புதுப்பிக்கிறது நின்னுபோச்சு, கலெக்டர் ஆபீஸ், அப்பீல், அது இதுன்னு மனுஷன் நடையா நடந்தார். அவர் சம்சாரம் ஒரு வருஷம் கோயிலுக்குக்கூட வரல. குக்கரைத் தூக்கிக்கிட்டுத் தெரு வழியாத்தானே போனாங்க.

நான் என்ன செய்ய முடியும் சார்? வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா பெட்டிசன் எழுதினவன் துப்பாக்கியைப் பத்தி ஒண்ணும் தப்பா எழுதல. 'செக்கோஸ்லோவாகியா தேசத்தில் பிர்னோ நகரத்தில் 1949-ஆம் வருடம் செய்யப்பட்டதும், முகவாய் வரை ஒரே அக்ரூட் மரக்கட்டை ஓடுவதும், இரட்டை விசையும் தட்டையான கைப்பிடியும் உடையதுமாகிய உயர்ரகத் துப்பாக்கியினால்'னு முறையாத்தான் எழுதியிருந்தான். ஒரு பொருளுக்கு உண்டான மரியாதையைக் குடுத்திருந்தான்.

நான் பாத்தேனான்னா? இல்ல, இல்ல. சொல்லக் கேள்விதான். மலையில எல்லாம் காதுக்கு வந்துரும்.

இந்தப் பையிலயா? எண்ணெயும் பழைய பனியன் துணியும். எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன். அவருக்கு இன்னைக்குத்தான் ஆர்டர் வந்து துப்பாக்கி தர்றாங்களாம். அது எனக்குத் தெரியாது, இங்க வந்தப்புறம்தான் தெரியும். தெரிஞ்சா நான் ஏன் இன்னைக்கு வர்றேன், நேத்தே வந்திருக்க மாட்டேனா? அதோ, அந்த வெள்ளை ஜீப்பு அவரோடதுதான். பாருங்க, இறங்குறார். எண்பது வயசு மாதிரி ஆயிட்டார். என்னைப் பாத்துட்டார்னு நினைக்கிறேன்.

கூப்பிடுறாங்க சார். வந்துர்றேன், இடத்தைப் பாத்துக்கங்க.

*

இன்னும் உங்களைக் கூப்பிடலையா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எண்ணெய் பட்டுரும்.

இல்ல சார், இது என்னோடது இல்ல. என்னோடது அந்தச் சுவத்துல சாத்தியிருக்கு. இது அவரோடது. குண்டு இல்ல, பயப்படாதீங்க. வராண்டாவைத் தாண்டாம துடைக்கலாம்னு ரைட்டர் சொல்லிட்டார். அடுத்தவன் லைசென்ஸ்ல உள்ள துப்பாக்கியை நான் வாசல் தாண்டி எடுத்துட்டுப் போகக் கூடாது.

சொல்றேன். கையை வேலையில வச்சுக்கிட்டாத்தான் சொல்ல முடியும்.

எங்க ரெண்டு பேரையும் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. என்னோடதை ஒரு நிமிஷத்துல தந்துட்டாங்க, மூணு மாசம்தானே இருந்துச்சு, பளபளன்னு இருந்துச்சு. அப்புறம் ஒரு சாக்குக் கட்டை எடுத்தாந்து மேஜையில பிரிச்சாங்க. சார், நான் அதைத் துப்பாக்கின்னே முதல்ல நினைக்கல. மழைக்கு மலையில எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல? அஞ்சு மழைக்காலம். எண்ணெய் இல்ல, காத்து இல்ல, ஈரச் சாக்குக்குள்ள. இரும்பு மொத்தமும் செங்கல் நிறம். மரத்துல வெள்ளையாப் பூசணம். அட்டையில எழுதிக் கட்டியிருந்த நம்பரைப் பூச்சி தின்னுட்டுது. இரும்புல இருக்கிற நம்பர் துருவுக்கு அடியில.

ரைட்டர் பழைய ஃபைலைத் திறந்து வச்சுக்கிட்டு, "அடையாளம் சொல்லுங்கய்யா, எழுதிக்கிட்டுத் தர்றேன்"ன்னார். ரெங்கமன்னார் மேஜைக்கு அந்தப் பக்கம். என்னைப் பாக்கவே இல்ல. நிதானமாச் சொல்றார், "பிர்னோ. இருபத்திரெண்டு எஃப். வருஷம் ஐம்பது."

ஐம்பதா?

என்னால தாங்க முடியல சார். எத்தனை ஆயுத பூசை அந்த எழுத்தைத் துணி நுனியால சுத்தம் பண்ணியிருப்பேன்! "நாப்பத்தொன்பது அண்ணே!"ன்னு கத்திட்டேன். அதோட நிறுத்தினேனா? வாய் நிக்கல. பிர்னோ நகரத்துல நாப்பத்தொன்பதாம் வருஷம் செஞ்சது, முகவாய் வரை ஒரே அக்ரூட் மரக்கட்டை, இரட்டை விசை, தட்டையான கைப்பிடின்னு அடுக்கி, நம்பரை ஒரு எண் விடாமச் சொல்லி, கட்டைக்கு அடியில நெல்லிக்கா அளவுக்கு ஒரு தழும்பு இருக்கும், அது நான் கீழ போட்டப்ப விழுந்ததுன்னு முடிச்சேன். பெருமையா முடிச்சேன் சார், அதைத்தான் சொல்றேன், பெருமையா இருந்துச்சு அந்த நேரம்.

ரைட்டர் ஃபைலைப் பாக்குறார். என்னைப் பாக்குறார். மறுபடி ஃபைலைப் பாக்குறார். "என்னய்யா, இதே வரி இங்க இருக்கு"ன்னார். அந்தப் பெட்டிசன் அவர் கையில இருந்துச்சு.

ரெங்கமன்னார் துருவை விரலால தடவிக்கிட்டே, "எனக்கும் நாப்பத்தொன்பதுன்னு தெரியும், தவசி"ன்னார்.

ஆமா சார். நான்தான் எழுதினேன். உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க. ஒரு வாரம், பத்து நாள் இங்கயே கிடக்கும், கொஞ்சம் அலையட்டும்னுதான் நினைச்சேன். அஞ்சு வருஷம் ஆகும்னு சத்தியமா நினைக்கல. குக்கர் விஷயமும் நினைக்கல. அந்தம்மா கையால எத்தனை தடவ காப்பி குடிச்சிருக்கேன். பேரில்லாம எழுதத் தெரிஞ்ச எனக்கு அந்தத் துப்பாக்கியை வெறும் துப்பாக்கின்னு எழுதக் கை வரல பாருங்க.

"எப்பண்ணே தெரியும்?"னு கேட்டேன். வக்கீல் படிச்சுக் காட்டின அன்னைக்கே தெரியுமாம். "இந்த மலையில அதை அப்படி எழுத யாரு இருக்கா"ன்னார். அப்புறம் ஏன் சொல்லலைன்னு கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "சொன்னா உன்னோடதையும் புடிச்சு உள்ள வச்சிருப்பாங்க. ஒண்ணு துருப்பிடிக்கிறது பத்தாதா?"ன்னார். திட்டியிருந்தா நான் பிழைச்சிருப்பேன் சார். ஒரு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிக்கிட்டு வந்திருப்பேன்.

ரைட்டர் மண்ணெண்ணெய் விட்டுத் தேச்சுப் பாத்தார். நம்பர் தெரிஞ்சுது. வருஷமும் தெரிஞ்சுது, நாப்பத்தொன்பது. பொய்ப் பெட்டிசன்னு எம்மேல எழுதிக் குடுக்குறீங்களான்னு ரெங்கமன்னார்கிட்டக் கேட்டார். வேண்டாம்னுட்டார். துப்பாக்கியைத் தூக்கி எங்கிட்ட நீட்டி, "துடைச்சுக் குடு. ஜீப்புல இருக்கேன்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அதோ, முன்சீட்டுல. திரும்பியே பாக்கல பாருங்க.

மேல் துரு வந்துருது. இந்தா, இந்தப் பக்கம் பாருங்க, அடியில இரும்புக்கு ஏத்தியிருந்த பழைய நீலம் தெரியுது. மரமும் தேறிரும். குழாய்க்குள்ளதான் சார். வெளிச்சத்துக்கு நேரா வச்சுப் பாத்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும் முன்னாடி, இப்ப உள்ள புள்ளி புள்ளியா அரிச்சிருக்கு. அது போகாது. எந்த எண்ணெய்க்கும் போகாது. இனிமே குண்டு நேராப் போகாது. எங்க சுடப்போறோம், இருந்தாலும் போச்சு. அவர் இன்னும் உள்ள பாக்கல. நான்தான் போய்ச் சொல்லணும்.

ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்காதீங்க. இவ்வளவு துருவுக்கு அப்புறமும், சுவத்துல நிக்கிற என்னோடதையும் மடியில கிடக்கிற இதையும் பாத்தா, இதுதான் சார் அழகு. வயிறு எரியுது. இந்த நிமிஷம்கூட எரியுது.

போய்க் கேக்கலாம்னு இருக்கேன். அண்ணே, என்னோடதை எடுத்துக்கங்க, நல்லா இருக்கு, ஒரு புள்ளி துரு இல்ல. இதை எனக்குத் தந்துருங்க, ரெண்டு பேரும் சேந்து மனு குடுத்து லைசென்ஸ்ல மாத்திக்கலாம்னு. பரிகாரமாக் கேக்குறேனா, ஆசையில கேக்குறேனான்னு நீங்க கேட்டுராதீங்க. எனக்கே தெரியல.

உங்களைக் கூப்பிடுறார் பாருங்க, போங்க. ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு கேப்பார்.

என்ன கேட்டீங்க? தரமாட்டாரா? தந்துருவார் சார். கேட்டதும் தந்துருவார். அதைத்தான் என்னால தாங்க முடியல.